இயற்கையின் தீங்கும் மனிதனின் தராசும்

இயற்கையைப் பாடாத தமிழ்ப் புலவர் இலர். மலையும் கடலும், மழையும் நிலவும் பாடநூல்தோறும் இடம் பெறுகின்றன. பள்ளி மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் இயற்கை என்றதும் அழகு, அமைதி, இனிமை என்ற சொற்களே முந்தி நிற்கின்றன. ஆயினும் அதே மழை வெள்ளமாகிறது. அதே காடு காய்ச்சலைத் தருகிறது. அதே சதுப்பு நிலம் ஊரைப் புகையால் மூடுகிறது. இயற்கையின் இம்மறுபக்கத்தை மக்கள் எவ்வாறு உணர்கின்றனர்? எந்தத் தீங்கைப் பெரிதென்றும், எதைச் சிறிதென்றும் எடை போடுகின்றனர்? அந்த எடை சரிதானா?

இவை மனநூலார்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. மக்கள் எதற்கு அஞ்சுகிறார்களோ, அதைத் தடுக்கவே பொருளும் உழைப்பும் செலவாகின்றன. எதற்கு அஞ்சவில்லையோ, அது தடையின்றி உயிர்களைக் கொள்ளுகிறது. ஆகவே இந்த எடை தவறுமாயின் அதன் விலை மனித உயிரே. இவ்வுண்மைக்குக் கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

பழந்தமிழர் கண்ட இரு கருத்துகள்

அச்சம் எவற்றிலிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வகுத்துக் கூறுகிறது. வருத்தும் தெய்வ சக்திகள், கொடிய விலங்குகள், கள்வர், ஆளும் தலைவன் ஆகிய நான்குமே அச்சத்தின் நிலைக்களன்கள் என்பது அதன் முடிபு. இந்நான்கையும் உற்று நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். நான்கும் மனிதனினும் வலிமை மிக்கவை; திடீரெனத் தாக்கக் கூடியவை; எதிர்நின்று மருட்டும் தன்மையுடையவை. கண்ணுக்குத் தோன்றாமல் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொல்லும் எதுவும் இப்பட்டியலில் இல்லை. இதை நூலின் குறை என்று கொள்ளல் ஆகாது. மனித மனம் இயல்பாக எதற்கு அஞ்சுமோ அதையே அந்நூல் உள்ளவாறு பதிவு செய்துள்ளது.

மற்றொரு கருத்து பாலைத் திணையைப் பற்றியது. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் தனித்தனி நிலமும் தெய்வமும் கூறும் தொல்காப்பியம், பாலைக்கென்று ஒரு நிலத்தைக் கூறவில்லை. குறிஞ்சியும் முல்லையும் கோடையில் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது, கொடுமை என்பது ஒரு நிலத்திற்கு என்றும் உரிய பண்பன்று. சில காரணங்கள் கூடும்போது வந்தடையும் நிலை. திருவள்ளுவரும் மழையைப் பற்றிக் கூறுங்கால், கெடுப்பதும் கெட்டவரை எடுப்பதும் ஒரே மழைதான் என்னும் கருத்தை வைத்துள்ளார்.

முதற்கருத்து மக்கள் அஞ்சும் முறையைக் காட்டுகிறது. இரண்டாவது, தீங்கு உண்மையில் எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

புலியும் கொசுவும்

1857ஆம் ஆண்டில் கிள்ளான் பகுதியின் தலைவராக இருந்த இராஜா அப்துல்லா, ஈயம் தோண்டுவதற்காக 87 சீனத் தொழிலாளரை உள்நாட்டிற்கு அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம்வரை படகிற் சென்று, அங்கிருந்து காட்டு வழியே அவர்கள் அம்பாங் பகுதியை அடைந்தனர். ஒரே மாதத்தில் 69 பேர் மாண்டனர். எஞ்சியவர் 18 பேரே. அது புலிகள் நடமாடிய காடு. எனினும் அவர்களைக் கொன்று குவித்தது புலியன்று, மலேரியாக் காய்ச்சல். அந்த ஆற்றுக் கூடலில் எழுந்த ஊரே பின்னர்க் கோலாலம்பூர் ஆயிற்று.

இன்று தீபகற்பத்துக் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று கணக்கிட்டுள்ளனர். மனிதன் அஞ்சிய விலங்கு அழியும் நிலையை எட்டிவிட்டது. அவன் பொருட்படுத்தாத கொசுவோ நகரத்தின் நடுவிலும் நிலைத்து வாழ்கிறது.

இக்கோணல் எதனால் நேர்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர் பலர் ஆராய்ந்தனர். தாமே விரும்பி ஏற்கும் ஆபத்தையும் தம்மீது திணிக்கப்பட்ட ஆபத்தையும் மக்கள் வெவ்வேறு அளவுகோலால் அளக்கின்றனர் என்று சான்சி ஸ்டார் 1969இல் எடுத்துக் காட்டினார். எளிதில் நினைவுக்கு வரும் நிகழ்ச்சியை அடிக்கடி நிகழ்வதாக மனம் கருதிவிடுகிறது என்று அமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகிய இருவரும் 1973இல் விளக்கினர். 1978இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சூறாவளி, வெள்ளம் முதலியவற்றால் நேரும் இறப்புகளை மக்கள் மிகுத்து மதிப்பிட்டனர். நீரிழிவு, ஈளை போன்ற நோய்களால் நேரும் இறப்புகளைக் குறைத்து மதிப்பிட்டனர். மிரட்டும் தன்மையும் புரியாத தன்மையுமே அச்சத்தைப் பெருக்குகின்றன என்று பால் ஸ்லோவிக் 1987இல் தொகுத்துரைத்தார். மெய்ப்பாட்டியலின் பட்டியல் இம்முடிவுகளோடு ஒத்து நிற்பது கருதத்தக்கது.

கிள்ளானில் நடந்த சோதனை

மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று எனப் பொருள்படும். சதுப்பிலிருந்து எழும் நச்சாவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்ட பின்னரே அந்நம்பிக்கை தளர்ந்தது.

அதன்பின் நான்கு ஆண்டுகளுள், 1901 ஜனவரியில், மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தார். அவ்வாண்டு கிள்ளானில் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. செப்டம்பரில் திறக்கப்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் தொழிலாளரும் அலுவலரும் அடுத்தடுத்துப் படுக்கையில் வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று எண்ணும் நிலை வந்தது. கண்டற்காடும் சதுப்பும் சூழ்ந்த அவ்விடத்தைக் குடியிருக்கத் தகாத நிலம் என்று கைவிடுவது எளிது. வாட்சன் அவ்வாறு கருதவில்லை. ஊரைச் சூழ்ந்த சதுப்பை வடித்து, புதர்க்காட்டை அகற்றினால் கொசு குறையும். கொசு குறைந்தால் காய்ச்சல் குறையும் என்று அரசாங்கத்திடம் வலியுறுத்தினார்.

விளைவை எண்கள் கூறும். கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய இரண்டு ஊர்களிலும் காய்ச்சலால் இறந்தோர் 1901இல் 368 பேர். 1902இல் 59 பேர். 1903இல் 46 பேர். எல்லா நோய்களாலும் இறந்தோரின் தொகை 582இலிருந்து 144ஆகவும், பின்னர் 115ஆகவும் இறங்கியது. வடிகால் வெட்டப்படாத சுற்றுப்புறத்தில் இவ்வாறு குறையவில்லை. எனவே மழை குறைந்ததாலோ தற்செயலாலோ நேர்ந்த மாற்றம் இதுவன்று என்பது தெளிவாயிற்று. பிழையான எடையைத் திருத்த எண்ணிக்கையும் ஒப்பீடும் எவ்வளவு உதவும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

மலைத்தோட்டங்கள் கற்பித்த பாடம்

இவ்வெற்றியைக் கண்டோர், காடே நோய், காட்டை வெட்டுவதே மருந்து என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் குன்றுப் பகுதிகளில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது.

ரப்பர் விலை ஏறிய காலத்தில் குன்றுகளின்மேலிருந்த காடுகளும் வெட்டப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் அங்கே லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். தேங்கிய சதுப்பு அங்கே இல்லை. பளிங்குபோன்ற ஓடைகளே ஓடின. கண்ணுக்கு அழகிய அவ்விடங்களில் காய்ச்சல் குறைவதற்கு மாறாகப் பெருகியது. தொழிலாளர் பெருந்தொகையினராக மடிந்தனர். அவர்களுடைய உடல்வலிவின்மையும் பழக்கவழக்கங்களுமே காரணம் என்று கூறியோரும் உண்டு.

உண்மைக் காரணத்தை வாட்சன் பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின் விளக்கினார். கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு அனோபிலிஸ் அம்புரோசஸ் என்பது. இலத்தீனில் அப்பெயரே நிழலைக் குறிக்கும். காட்டு நிழலில் தேங்கும் நீரில் அது பெருகும். நிழலும் நீரும் அகன்றபோது அதுவும் அகன்றது. குன்றுப் பகுதியில் நோயைப் பரப்பியதோ அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் வேறோர் இனம். வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரும் சிற்றோடையும் அதற்கு உகந்த இடங்கள். ஓடைகளைக் காடு மூடியிருந்தவரை அது அங்கே பெருகவில்லை. மரங்கள் வீழ்ந்து வெயில் ஓடையைத் தொட்டதும் பெருகத் தொடங்கியது. காடு வெட்டுதல் என்ற ஒரே செயல் ஓரிடத்தில் உயிரைக் காத்தது. மற்றோரிடத்தில் உயிரை வாங்கியது.

ஆகவே மலைத்தோட்டங்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஊற்றுநீர் வெயிலைக் காணாதபடி மண்ணுக்கடியில் குழாய்களைப் பதித்து அதனுள் ஓடச் செய்தனர்; அது இயலாத இடங்களில் நீரின்மேல் எண்ணெய் தெளித்தனர். இவ்வனுபவத்தை வாட்சன் 1911இல் நூலாக வெளியிட்டார். எந்த இனக் கொசு நோயைப் பரப்புகிறது என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ற இடத்தில் மட்டும் வேலை செய்யும் முறை பின்னர்ப் பிற நாடுகளிலும் பரவியது.

இதில் மனத்தின் தராசைப் பற்றிய பாடம் ஒன்றுண்டு. நாறும் சதுப்பு தீயது, தெளிந்த ஓடை நல்லது என்றே கண் தீர்ப்புக் கூறும். அத்தீர்ப்பு கிள்ளான் கரையில் ஓரளவு பொருந்தியது. மலைத்தோட்டத்தில் முற்றிலும் பிழைத்தது. அருவருப்பைத் தருவதெல்லாம் தீங்கு என்பதும், அழகாய் இருப்பதெல்லாம் நன்மை என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

வெள்ளம் யார் செய்த குற்றம்?

கொசுவுக்கு மாறாக, வெள்ளம் கண்முன் வந்து மிரட்டுவது. ஆயினும் அதை எடை போடுவதிலும் தவறு நேர்கிறது. வெள்ளம் வரும்போது அச்சம் பெரிது. வடிந்ததும் மறதி பெரிது. இயற்கையின் சீற்றம் என்று ஒரு சொல்லைச் சொல்லி, மனிதன் தன் பங்கைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறான்.

1755இல் லிஸ்பன் நகரத்தைப் பூகம்பம் அழித்தபோது, இறைவனின் நீதியையும் இயற்கையின் கொடுமையையும் பற்றி வால்டேர் எழுதினார். அதற்கு ரூசோ மறுமொழி விடுத்தார். அத்தனை மாடி வீடுகளை அவ்வாறு நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று என்பது அவர் வாதத்தின் சாரம். இவ்வாதம் கிள்ளான் ஆற்றுக்கும் பொருந்தும்.

இரண்டு ஆறுகள் கூடும் தாழ்நிலத்தில் எழுந்த கோலாலம்பூர் தொடக்கமுதலே நீரோடு போராடி வந்துள்ளது. 1881இல் தீயும் வெள்ளமும் அதனை அழித்தன. அதன்பின் அத்தாப்புக் கூரைகளை விட்டுச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அதற்குச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். 1926இல் பெருவெள்ளம் நகரைச் சூழ்ந்தது. அதன் விளைவாக ஆற்றுக் கூடலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை கிள்ளான் ஆற்றை நேராக்கிக் கரை கட்டும் பணி நடந்து 1932இல் முடிந்தது. ரயில்வேயில் பணிபுரிந்த இந்திய, இலங்கைத் தமிழர் பலர் குடியிருந்த அப்பகுதி இவ்வாறு காப்புப் பெற்றது. 1971 ஜனவரியில் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. அதன்பின் வெள்ளத் தடுப்புக்கென நிலையான ஆணையம் அமைந்தது. 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில் வழக்கமான நாள்களில் வண்டிகள் ஓடும். பெருமழையின்போது வண்டிகளை நிறுத்தி வெள்ளத்தை விடுவர்.

இவ்வளவுக்குப் பின்னும் 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. ஷா ஆலமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் பலர் வீட்டுக் கூரைகளிலும் மேல்மாடிகளிலும் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு இறுதி வெள்ளத்தில் நாடு முழுதும் 50க்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்போது, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை இது என்ற விளக்கம் பரவலாகக் கூறப்பட்டது. அதைக் கேட்ட பாமரர், இனி நூறாண்டுக்குக் கவலையில்லை என்று பொருள் கொள்வது இயல்பு. கணக்கின்படி அதன் பொருள் வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அத்தகைய மழை வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்கும் ஒருவருக்கு, அக்கடன் தீருமுன் அதை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் 26 ஆகும். நான்கு வீடுகளில் ஒரு வீட்டில் திருடன் நுழைவான் என்றால் பூட்டு வாங்காதவர் இரார். அதே கணக்கை மழையைப் பற்றிச் சொல்லும்போது மனம் அசைவதில்லை.

அந்தக் கணக்கும் நிலையானதன்று. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கும் நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. மண்ணும் மரமும் உறிஞ்சிய நீரைத் தாரும் சிமெண்டும் உறிஞ்சுவதில்லை. அது ஒரே பாய்ச்சலில் ஆற்றை அடைகிறது. மழை இயற்கையினது; அதன் வழியில் வீடு கட்டியதும், அது இறங்கும் மண்ணை மூடியதும் மனிதனுடையவை.

சதுப்பின் மறுமொழி

சதுப்பை வடித்ததால் 1901இல் உயிர் பெற்ற துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2005 ஆகஸ்டு 11ஆம் நாள் அவ்வூரிலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இம்முறை காரணம் புகைமூட்டம். காற்றுத் தூய்மைக்கேட்டின் குறியீட்டு எண் 500ஐத் தாண்டியிருந்தது. புகை, நீரிணைக்கு அப்பால் சுமத்திராவில் எரிந்த நிலங்களிலிருந்து வந்தது.

அந்நிலங்களுள் பல, மட்கிய தழையும் வேரும் பல அடி ஆழத்திற்குச் சேர்ந்த சதுப்பு நிலங்கள். நீர் நிறைந்திருக்கும்வரை அவை எளிதில் எரிவதில்லை. தோட்டம் போடுவதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்த பின், மண்ணே விறகாகிறது. ஒருமுறை பற்றிய தீ மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். ஒரு நூற்றாண்டுக்கு முன் சதுப்பை வடித்தது அத்துறைமுகத்தைக் காத்தது. வேறிடத்தில் வேறுவகைச் சதுப்பை வடித்ததோ அதே துறைமுகத்தை மூச்சுத் திணற வைத்தது. சதுப்பு நல்லதா, தீயதா என்று கேட்பதில் பொருளில்லை. எந்தச் சதுப்பு, எவ்விடத்தில், யாருக்கு, என்ன செய்தபோது என்று கேட்டாலே விடை கிடைக்கும்.

இயற்கையானது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடும் என்று எண்ணுவோரும் உளர். ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1874இல் வெளிவந்த இயற்கை பற்றிய கட்டுரை இக்கொள்கையை மறுக்கிறது. மனிதர் செய்தால் தண்டனைக்குரிய செயல்களை இயற்கை நாள்தோறும் செய்கிறது. ஆகவே அதன் நடத்தையை அறத்திற்கு அளவுகோலாகக் கொள்ள இயலாது என்பது அவர் கருத்து. இயற்கையைத் தாய் என்று போற்றுவதும், பகை என்று வெறுப்பதும் உணர்ச்சியின் வழிப்பட்டவை. இவ்விரண்டும் எண்ணிப் பார்க்கும் உழைப்பைத் தவிர்க்கும் வழிகளாகவே பெரும்பாலும் அமைகின்றன.

பூந்தொட்டியின் அடித்தட்டு

மலேசியாவில் மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா, நாட்டுக்குள் பிறந்த நோயாளி ஒருவர்கூட இல்லை என்ற நிலையை 2018இல் எட்டியது. குரங்குகளிடமிருந்து தொற்றும் மலேரியா வகை இன்னும் உண்டு. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பெருந்தொல்லை தருவது டிங்கிக் காய்ச்சல். 2019ஆம் ஆண்டில் நாடு முழுதும் 1,30,101 பேரை அது பற்றியது. 182 பேர் இறந்தனர். நோயுற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர் சிலாங்கூர் மாநிலத்தவர்.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு காட்டையும் சதுப்பையும் தேடுவதில்லை. வீட்டுத் தொட்டியிலும், பூந்தொட்டியின் அடித்தட்டிலும், எறிந்த டயரிலும், அடைத்த மழைநீர்க் குழாயிலும் தேங்கிய நல்ல நீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரமோ சற்று மிகுதியோ போதும். பாம்பு ஒன்று வீட்டில் நுழைந்தால் தெருவே திரண்டு வருகிறது. பூந்தொட்டித் தட்டில் நெளியும் புழுவைக் காண எவரும் குனிவதில்லை. மெய்ப்பாட்டியல் கண்ட அதே அச்சத்தின் இயல்பு இன்றும் மாறவில்லை.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை பேதைமை என்பது வள்ளுவர் கொள்கை. எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அறிய, பழந்தமிழரின் பாலைக் கருத்தே நல்ல வழிகாட்டி. நிலத்தைப் பழிக்காமல், அது எக்காரணத்தால் தன் இயல்பு திரிந்தது என்று அது வினவுகிறது. வகுப்பில் மழையைப் பற்றியோ காட்டைப் பற்றியோ கட்டுரை எழுதச் சொல்லும் தமிழாசிரியர், அழகை வருணித்த மாணவரிடம் இன்னும் சில கேள்விகளைக் கேட்கலாம். இம்மழை எங்கே விழுந்தால் நன்மை, எங்கே விழுந்தால் தீமை? அதற்குரிய காரணத்தில் மனிதன் செய்தது எவ்வளவு? இத்தீங்கால் சென்ற ஆண்டு எத்தனை பேர் துன்புற்றனர். அது அச்சத்தின் அளவோடு ஒத்திருக்கிறதா? இக்கேள்விகளுக்கு விடை தேடப் பழகிய மாணவர் இயற்கையை முன்னினும் நன்றாக வருணிப்பர். வாரம் ஒருமுறை வீட்டுப் பூந்தொட்டித் தட்டையும் கவிழ்த்து வைப்பர்.